புள்ளிக்கும் ஒரு ஸனது

நம் மூத்தம்மாமார் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபைக் கையில் கொடுத்தால் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓதுவார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளியிட்டு நம் முன்னோர் உண்டாக்கிய எழுத்துமுறை அது. அதன் உயிரே புள்ளியில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் மிஞ்சியது கறைபடிந்த ஒரு கிதாபு மட்டுமே. அண்மையில் அதைக் கைபேசியில் படமெடுத்தேன். அனுப்பி வாங்கியதில் படங்கள் சுருங்கிவிட்டன. அவற்றைத் துப்புரவாக்க இமேஜ்ஜே என்ற மென்பொருளை நாடினேன்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பேண்ட், 1987இல் மெக்கின்டோஷ் கணினிக்காக என்ஐஎச் இமேஜ் என்பதை எழுதத் தொடங்கினார். அதன் வாரிசாக, எந்தக் கணினியிலும் ஓடும்படி ஜாவா மொழியில் இமேஜ்ஜே 1997இல் வந்தது. நுண்ணோக்கிப் படங்களை அளக்கவும் உயிரணுக்களை எண்ணவும் ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது. விலையில்லை. வேண்டியவர் வேண்டிய வசதியைச் செருகுநிரலாக எழுதிச் சேர்க்கலாம். அப்படிப் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புத்தான் ஃபிஜி.

நான் சுட்டியால் சொடுக்கிச் சொடுக்கிக் கறைப்புள்ளி நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பக்கம் பளிச்சென்று ஆனது. உம்மா பார்த்துவிட்டுக் கேட்டா: “இது பே-யா, தே-யா? புள்ளியெல்லாம் எங்க போச்சு மகன்?”

அந்தக் கட்டளை, ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றிய ஒன்பதின் நடுமதிப்பாக மாற்றுகிறது. ஒன்பதில் நாலுக்குள் அடங்கும் கறுப்பு அழிந்தே போகும். கறை எது, எழுத்து எது என்று அதற்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் என்ன செய்தேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

பிறகுதான் கட்டளைவரி வழியைப் படித்தேன். செய்யவேண்டிய படிகளை ஒரு மேக்ரோக் கோப்பில் எழுதி, ஃபிஜியை ‘ஹெட்லெஸ்’ முறையில் ஏவினால், திரையில் ஜன்னல் எதுவும் திறக்காமல் நூற்றுக்கணக்கான பக்கங்களையும் தானாகவே முடித்துவிடும். ஆனால் இடையில் நம்மிடம் ஒன்றும் கேட்காது. எவ்வளவு வெளிச்சம், எந்த வடிகட்டி, என்ன அளவு என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இது தொல்லைபோலத் தெரியும். உண்மையில் பெரிய நன்மை இதுதான். படத்துக்கு நடந்தது அத்தனையும் எழுத்தில் நின்றுவிடுகிறது.

ஹதீஸ் என்றால் நம் உலமாக்கள் முதலில் கேட்பது, யார் யாரிடமிருந்து கேட்டார் என்பதைத்தானே? ஸனது இல்லாத செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் தராசில் நிற்காது. துப்புரவாக்கிய படத்துக்கு அந்த மேக்ரோக் கோப்புத்தான் ஸனது. பிழை நேர்ந்தாலும் எந்தப் படியில் நேர்ந்தது என்று பின்வருபவர் கண்டுபிடிக்கலாம். மூலம் கையிலிருந்தால் திருத்தி மறுபடியும் ஓட்டலாம்.

இந்தக் கிதாபைத் திரும்பவும் படமெடுத்தேன், இம்முறை ஸ்கேனரில், 600 டிபிஐ நுணுக்கத்தில். கறைப்புள்ளி நீக்கும் வரியை மேக்ரோவிலிருந்து எடுத்துவிட்டேன். கறை கொஞ்சம் இருக்கிறது, புள்ளிகளும் இருக்கின்றன. உம்மா ஓதுகிறா.

வீட்டில் கிதாபு வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். தொடாத மூலப்படம், மேக்ரோக் கோப்பு, மென்பொருளின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே வையுங்கள். கடல் கொண்டுபோனதை நாம் மீட்க முடியாது. மிஞ்சியதன் புள்ளிகளை நம் கையாலேயே அழிக்காமல் இருக்கலாம்.