ஒரே காசு, ஐந்நூறு முறை!

வெள்ளலூர் என்றதும் கோயமுத்தூர்க்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். ஆனால் 1842-ல் அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளிக் காசுகள் வெளியே வந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஐந்நூறுக்கும் மேல்! அத்தனையும் ரோமாபுரிக் காசுகள். கிட்டத்தட்ட எல்லாமே இரண்டே சக்கரவர்த்திகள் அடித்தவை. ஒருவர் அகஸ்டஸ், மற்றவர் அவருக்குப் பின் வந்த டைபீரியஸ்.

இந்தப் பட்டியலை கம்ப்யூட்டர் படித்த உங்கள் பையனிடம் கொடுத்துப் பாருங்கள். "என்னப்பா, வந்ததே வந்துட்டிருக்குது? டூப்ளிகேட்டை எடுத்துடலாமுங்க" என்பான்.

எப்படி எடுப்பான்? ஒவ்வொரு காசையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடலாம். 500 காசுக்கு 1,24,750 தடவை பார்க்கணும், கண் போய்விடும்! வரிசைப்படுத்திவிட்டால் ஒரே மாதிரி காசுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், அடுத்ததை மட்டும் பார்த்தால் போதும். இன்னும் சுலபம், ரகத்துக்கு ஒரு தட்டு. தட்டில் ஏற்கெனவே காசு இருந்தால் புதுசைத் தள்ளிவிடு. பைத்தான் மொழியில் 'செட்' செய்கிற வேலை ஏறக்குறைய இதுதான்.

சரி, எது 'ஒரே' காசு? அங்கேதான் சிக்கல். அன்றைக்குக் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் அச்சு வேறாக இருக்கலாம். அந்தக் கால அருங்காட்சியகங்களோ 'டூப்ளிகேட்' என்று ஒதுக்கிய காசுகளை வேறிடங்களுக்குக் கொடுத்தன, விற்கவும் செய்தன. புதையல் கலைந்துபோனது.

போனால் என்ன என்கிறீர்களா? கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் காசில் வெள்ளியைக் குறைத்தான். நம் வியாபாரிகள் தரம் கெடாத பழைய காசுகளையே விரும்பி வாங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த ரோமச் செல்வம், நொய்யல் கரையின் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிக்கற்கள்... இந்த வணிகத்தின் அளவைச் சொல்வது எது? திரும்பத் திரும்ப வந்த அந்த டைபீரியஸ் முகம்தான்! டூப்ளிகேட்டை நீக்கியிருந்தால் மிஞ்சுவது சில வரிகள்தான். அதில் சக்கரவர்த்திகள் இருப்பார்கள், சந்தை இருக்காது.

ஆகவே, நீக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீக்கும்முன் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு 'எத்தனை முறை' என்று குறித்துவிடுங்கள். சரித்திரம் பல சமயம் அந்தக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது.