பேத்தமங்களாவுக்கு ஒரு கணினி

என் மகளுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். தாத்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். "தாத்தா உங்களுக்கு லெட்டரே எழுதினது இல்லையாப்பா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறார், நிறையவே. 2001-லிருந்து 2006 வரை ஊரிலிருந்து அவர் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்தேன். திறந்து பார்த்தால் தமிழையே காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை. "இது என்ன பாஷைப்பா?" என்றாள்.

பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கே ஒரு நிமிடம் வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தமிழ்க் கணிமையின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சில மடல்கள் கிடக்கலாம்.

எங்க ஊர்

பேத்தமங்களா எங்கே என்று கேட்பவர்களுக்கு: கர்நாடகத்தில், கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி இருக்கிற ஊர். தங்கவயலுக்குத் தண்ணீர் போனது எங்கள் ஏரியிலிருந்துதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்க இறங்கியபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் நேராகத் தங்கவயலுக்கு வந்தது. அந்த ஜனங்களின் பேரன்கள்தான் நாங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடமோ இங்கிலீஷோ, சந்தையில் தெலுங்கு.

நைனா (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடினார்கள். குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு பேத்தமங்களாவில் தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அமெரிக்கா வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கார்டு போட்டுத்தான் போன் பேசுவோம். பேச ஆரம்பித்ததும் நிமிடம் கரைவதே இருவருக்கும் கவலை. "சாப்டியா கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ" என்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும்.

அதனால் நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு பஸ் ஏறி ராபர்ட்சன்பேட்டைக்குப் போவார். பிரவுசிங் சென்டர் பையன் அதைத் தமிழில் தட்டி அனுப்புவான். நான் அதே எழுத்துருவை என் கணினியில் போட்டு வைத்திருந்தேன். அது பாமினி.

256 அறைகள்

அந்தக் காலத்து எழுத்துரு எப்படி வேலை செய்தது என்று புரிந்தால் மீதிக் கதை சுலபம். அப்போது கணினியில் ஓர் எழுத்துக்கு எட்டு பிட். மொத்தம் 256 அறைகள். முதல் பாதியில் ஆங்கிலமும் எண்களும் குடியிருக்கும். தமிழுக்கென்று அங்கே ஓர் அறையும் இல்லை.

எனவே தமிழ் எழுத்துருக்கள் குறுக்கு வழியில் போயின. ஆங்கில எழுத்து இருந்த அறையில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டன. பாமினி பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையைப் பின்பற்றியது. தட்டச்சுப் பழகியவர்களுக்கு 'யளனகபாதமட' என்ற நடு வரிசை மறக்காது. அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என் மகள் பார்த்தது இதைத்தான்.

சரி, எல்லோரும் ஒரே எழுத்துருவை வைத்துக்கொண்டால் என்ன? அங்கேதான் வந்தது தலைவலி. ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. ஒரு நாளிதழுக்காக இறக்கிய எழுத்துரு அடுத்த நாளிதழுக்கு உதவாது. இதைச் சரிசெய்ய ஊர் ஊராகத் தமிழர்கள் உழைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆங்கிலத்தை அதன் அறையிலேயே விட்டுவிட்டு மேல் பாதி 128 அறைகளில் தமிழை வைக்கும் திஸ்கி, 1990-களின் கடைசியில் மின்னஞ்சல் விவாதங்களிலேயே உருவானது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அப்படித்தான் தட்டெழுதி ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது.

கவனித்தீர்களா? தீர்வு தேடிப் போனவர்கள் ஒவ்வொருவரும் நல்ல காரியம்தான் செய்தார்கள். ஆனால் மொத்தத்தில் குறியீடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

2003: கணினி வாங்கிய படலம்

2003-ல் ஊருக்குப் போனபோது நைனாவுக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா கன்னடப் பள்ளியில் டீச்சர். அவளுக்குக் கன்னடம் வேண்டும், நைனாவுக்குத் தமிழ் வேண்டும், எனக்கு வருகிற மடல் படிக்க வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்று நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கன்னடத்துக்குக் குழப்பம் குறைவு. சேஷாத்ரிவாசு உருவாக்கிய பரஹா இருந்தது, கன்னட கணக பரிஷத்தின் நுடி இருந்தது. தமிழுக்கு முரசு அஞ்சல், விஸ்வநாதனின் அழகி, முகுந்த் முதலிய தமிழா குழுவினர் இலவசமாகக் கொடுத்த எ-கலப்பை என்று பட்டியல் நீண்டது. எ-கலப்பையில் திஸ்கியும் அடிக்கலாம், யூனிகோடும் அடிக்கலாம்.

யூனிகோட் என்பது உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை கொடுக்கும் ஏற்பாடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கிடைத்துவிட்டது. 247 எழுத்துக்கு 128 இடமா என்று கேட்கலாம். 'மி' என்பதற்குத் தனி இடம் கிடையாது. 'ம' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, இரண்டையும் கணினி சேர்த்துக் காட்டும். இந்தச் சேர்க்கும் வேலையைச் செய்யத் தெரிந்த விண்டோஸ் 2000-தான் லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலும் உண்டு, ஆனால் பல கணினிகளில் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும். அதற்கு எக்ஸ்பி வட்டும் கையில் வேண்டும்.

நான் வாங்கியதோ பெங்களூரில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கணினி, விண்டோஸ் 98. "யூனிகோடெல்லாம் இதுல சரியா வராது சார்" என்ற கடைக்காரர், காசு கொடுத்து வாங்கும் ஒரு தமிழ் மென்பொருளைக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி விதவிதமான எழுத்துருக்கள். அச்சில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் குறியீடு அந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. திஸ்கியும் இல்லை, டாபும் இல்லை. எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. இரண்டு பக்கமும் அதையே வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். பெயரை விடுங்கள், அந்த நிறுவனமே இப்போது இல்லை.

நைனா ஒற்றை விரலால் தட்டிப் பழகினார். அறுபது வயதுக்கு மேல்! வாரம் ஒரு மடல். வேர்டு கோப்பாக இணைத்து அனுப்புவார். அச்செடுத்துப் பிழை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். ஏரி நிரம்பியது, மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பையன்கள், லைனில் யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் வரும்.

உலகம் மாறியது

அதே வருடங்களில் காற்று யூனிகோட் பக்கம் திரும்பிவிட்டது. 2003-ல் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கின, 2004-ல் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் வந்தது. எழுதியவர்கள் எ-கலப்பையில் யூனிகோடில் எழுதினார்கள். எழுத்துரு இறக்காமலே படிக்க முடிந்ததால்தான் கூட்டம் சேர்ந்தது. பழைய குறியீட்டில் இருந்ததை மாற்ற சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் செயலி கிடைத்தது. பின்னால் நியூ ஹொரைசன் மீடியாவின் என்ஹெச்எம் ரைட்டரும் கன்வர்ட்டரும் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. யூனிகோட் வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16.

நானும் மாறினேன். புதுக் கணினி, புது விண்டோஸ். பழைய மென்பொருளை மறுபடி நிறுவவில்லை. நைனா 2006-ல் தவறினார். மடல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே வருடங்கள் போயின.

மீட்ட கதை

பாமினி மடல்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. மாற்றிச் செயலியில் ஒட்டினேன், பொத்தானை அழுத்தினேன், "அன்புள்ள கண்ணுக்கு" என்று வந்தது. மகள் சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நைனா கைப்பட அடித்தவைதான் சிக்கல். அந்தக் குறியீடு எனக்குக் கிடைத்த எந்த மாற்றியிலும் இல்லை. எழுத்துருக் கோப்பு இருந்தால் நிறுவிவிட்டுப் படித்திருக்கலாம், அதுவும் இல்லை. பேத்தமங்களாவுக்குப் போன் போட்டேன். அக்கா பீரோவைக் குடைந்து, நைனா பிழை பார்த்த ஒரு மடலின் அச்சுத் தாளை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பினாள். அதுதான் சாவி. தாளில் இருக்கும் எழுத்தையும் கோப்பில் அதே இடத்தில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டேன். இரண்டு சனிக்கிழமை ஆனது.

அட்டவணை மட்டும் போதாது. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோடில் 'க' முதலில், மீதி பின்னால். இந்த வரிசையைத் திருப்பிப் போட ஒரு சின்ன நிரல் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகு கோப்புகள் ஒவ்வொன்றாகத் தமிழாயின.

ஒன்றைத் தவிர. 2004-ல் ஒரு மடலைக் கோப்பாக இணைக்காமல் நேராக மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறார். அந்தக் குறியீடு மேல் அறைகளில் இருந்ததால், வழியில் எங்கோ எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. கேள்விக்குறியானது ஆனதுதான், அதற்குப் பின்னால் எந்த எண்ணும் கிடையாது. தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருந்ததால் பிழைத்தது: 'லாஸ்ட் ஷிப்ட்'. கடைசி நாள் கீழே இறங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று நான் படித்திருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை. அக்காவைக் கேட்டேன். "விளக்கைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்னு எழுதியிருந்தாருடா, வேற ஞாபகமில்ல" என்றாள்.

என் மகளுக்குச் சொன்னது, உங்களுக்கும்

எந்த மென்பொருள் நல்லது என்று இப்போதும் நண்பர்கள் கேட்கிறார்கள். 2003-ல் நான் அச்சழகைப் பார்த்து வாங்கினேன். இந்த மென்பொருள் செத்த பிறகு இதில் எழுதியதை வேறு ஒன்று படிக்குமா என்று கேட்கவே இல்லை. இலவச எ-கலப்பையில் யூனிகோடாக அடித்த ஒரு வரி இன்று எந்த போனிலும் திறக்கிறது. காசு கொடுத்து வாங்கியது திறக்கவில்லை.

ஊரில் பெரியவர்களுக்குக் கணினியோ போனோ அமைத்துக் கொடுப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில:

1. யூனிகோடில் மட்டும் எழுதட்டும். தமிழ்99 இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. 'அம்மா'வுக்கு நாலே விசை, அ, ம, ம, ஆ. புள்ளி தானாக விழும்.

2. பழைய வேர்டு கோப்புகள் இருந்தால் இந்த வாரமே திறந்து பாருங்கள். பாமினி, திஸ்கி, டாப் என்றால் மாற்றிகள் கிடைக்கின்றன. லினக்ஸ்காரர்களுக்கு ஐகான்வ் நிரலுக்கே திஸ்கி தெரியும்.

3. பழைய எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் அழிக்காதீர்கள். மடல்களோடு சேர்த்து வையுங்கள்.

4. முக்கியமானதை அச்செடுத்து வையுங்கள். என்னைக் காப்பாற்றியது ஒரு தாள்.

மகள் ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் எழுதினாள். கடைசிப் பத்தியில், தாத்தா சுரங்கத்தில் கடைசி நாள் என்ன பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது, விளக்கைத் திருப்பிக் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும் என்று எழுதியிருந்தாள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நைனாவோடு வேலை செய்தவர்கள் யாராவது லைனில் இருந்தால் போய்க் கேட்க வேண்டும் என்கிறாள். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.