மழலையர் வகுப்பின் ஆசிரியர் யார்? தகுதிப் படிப்பும் சட்டத்தின் மௌனமும்

வேளச்சேரி, தரமணி, பெருங்குடி வட்டாரத்தில் தனியார் மழலையர் பள்ளிகள் பெருகியுள்ளன. மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பெற்றோரின் பிள்ளைகளை நம்பியே அவற்றில் பல நடக்கின்றன. அவற்றின் நிழலில் ‘மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி’, ‘மழலையர் ஆசிரியர் பட்டயம்’ என்ற பெயர்களில் குறுகிய காலப் படிப்புகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, பொறியியலுக்கோ செவிலியர் படிப்புக்கோ பணம் கட்ட வழியில்லாத தலித் குடும்பத்துப் பெண்கள் இவற்றை நாடுகிறார்கள். சட்ட ஆலோசனை கேட்டு வருவோரின் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: இந்தச் சான்றிதழைக் கொண்டு அரசு வேலைக்குப் போக முடியுமா? பெரும்பாலான நேரங்களில் ‘முடியாது’ என்றே விடை சொல்ல நேர்கிறது.

மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் இருப்பதைப் போன்ற பதிவேடோ உரிமமோ இந்தியாவில் ஆசிரியருக்கு இல்லை. 1993ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற படிப்பே உரிமத்தின் இடத்தில் நிற்கிறது. அச்சட்டத்தின் 17(4) பிரிவு கண்டிப்பானது. உரிய அங்கீகாரம் பெறாத நிறுவனம் தரும் ஆசிரியர் கல்வித் தகுதி, மத்திய, மாநில அரசுப் பணிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிப் பணிக்கோ செல்லாது. அச்சான்றிதழை ஏற்பது தனியார் பள்ளியின் விருப்பம், ஊதியமும் அவ்வாறே. எனவே பணம் கட்டுவதற்கு முன் அந்நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் ஆவணம், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் தென் மண்டலக் குழு வழங்கிய அங்கீகார ஆணை. ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று விளம்பரத்தில் இருப்பது சங்கப் பதிவாகவோ அறக்கட்டளைப் பதிவாகவோ இருக்கலாம். அதற்கும் படிப்பின் செல்லுபடிக்கும் தொடர்பில்லை.

அங்கீகாரம் பெறத்தக்க படிப்புகளுள் மழலையர் வகுப்புக்கென்றே உள்ளது முன்பருவக் கல்விப் பட்டயம். குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, மேனிலைக் கல்விக்குப் பின் ஈராண்டுப் படிப்பு இது. அடுத்தது தொடக்கக் கல்விப் பட்டயம். இதுவும் ஈராண்டு, ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்குரியது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் இதைப் பயிலலாம். சென்னைக்கான நிறுவனம் திருவல்லிக்கேணியில் உள்ளது. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் வண்டி மாறாமல் போய்ச் சேரலாம்.

பி.எட். பற்றித் தனியே சொல்ல வேண்டும், இதில் ஏமாந்தோர் பலர். பட்டமும் பி.எட்.டும் இருந்தால் கீழ் வகுப்புகளுக்கும் போகலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2018 ஜூன் 28 அன்று குழுமம் வெளியிட்ட அறிவிக்கை அதற்கு இடமும் கொடுத்தது. அவ்வறிவிக்கை செல்லாது என்ற ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் முடிவை, தேவேஷ் சர்மா வழக்கில் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தொடக்க வகுப்புக் குழந்தைக்குக் கற்பிப்பது தனித் திறன், அதற்கான பயிற்சி பி.எட்.டில் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். என் பார்வையில் இது சரியான தீர்ப்பு. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வாதம் இன்னும் வலுவாகப் பொருந்தும். ஆனால் சிறு பிள்ளைகளின் ஆசிரியராகும் நோக்கில், கடன் வாங்கி, பட்டத்துக்குப் பின் ஈராண்டு பி.எட். படித்த பெண்ணுக்கு இது பெரும் இழப்பு.

நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் பட்டமே 2030க்குள் குறைந்தபட்சத் தகுதியாகும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. மூன்று முதல் எட்டு வயது வரையான பருவத்தை அக்கொள்கை ‘அடித்தள நிலை’ எனக் குறிக்கிறது; அந்நிலைக்கான ஆசிரியரும் அந்தப் பட்டத்தின் எல்லைக்குள் வருகிறார். தமிழ்நாடு அரசு இக்கொள்கையை ஏற்கவில்லை. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. எனினும் தகுதி உயரும்போது அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, கொள்கையை ஏற்றாலும் மறுத்தாலும் தீராது.

இனி சட்டம் மௌனம் காக்கும் இடத்துக்கு வருவோம். 21ஏ உறுப்பு 6 முதல் 14 வயது வரைக்கே கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை, 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 45ஆவது உறுப்பில், அதாவது நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறிகளில், வைத்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவும், முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள்கூட ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஏட்டில் தகுதி உண்டு. அத்தகுதி உடையவரை முறையான ஊதியத்தில் நியமித்தாக வேண்டும் என்ற கடமை மட்டும் இல்லை.

இதன் விளைவைத் தமிழ்நாடே கண்டது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கு இடைநிலை ஆசிரியர்களை மாற்றியமைத்தது நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஜூனில் வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டு, பட்டயம் முடித்தவர்களை 5,000 ரூபாய் மாதத் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக அமர்த்த முடிவாயிற்று. முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 167 ரூபாய். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 281 ரூபாய். ஈராண்டு படித்து, செய்முறைப் பயிற்சி முடித்து வந்தவருக்கு மண்வெட்டும் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்கும் அரசு, தகுதியைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

நாட்டின் பெரும்பாலான ஏழைக் குழந்தைகளுக்கு முதல் ஆசிரியராக இருப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். முன்பருவக் குழந்தைகள் குறித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பணியாளருக்கு அன்று சூட்டப்பட்ட ‘மதிப்பூதியத் தொண்டர்’ என்ற பெயர் இன்னும் நீங்கவில்லை. அமீர்பி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 25 அன்று, மணிபென் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு பணிக்கொடைக்கு இவர்கள் உரியவர்கள் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் பணிக்கொடையைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் நடப்பது கல்விப் பணியே என்றும், கற்பிப்பவர்கள் இப்பணியாளர்களும் உதவியாளர்களுமே என்றும் நீதிமன்றம் பதிவுசெய்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவோடும் அதை இணைத்துப் பார்த்தது.

கற்பித்தல்தான் என்று நீதிமன்றம் ஏற்ற பணியின் ஆண்டுகள், ஆசிரியர் தகுதிக் கணக்கில் ஏன் சேரக் கூடாது? இருபது ஆண்டு அங்கன்வாடி நடத்திய பெண், இருபது வயதுப் பட்டயதாரிக்கு உதவியாளராக நிற்கும் நிலையை இன்றைய அமைப்பு உருவாக்குகிறது. கல்விக் கொள்கை இவர்களுக்கு முன்வைப்பது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழும் மற்றவர்க்கு ஓராண்டுப் பட்டயமும். அதுவும் திறன்பேசி, தொலைக்காட்சி வழியாக. அன்றாட வேலை நேரத்துக்கு மேல். ஊதியத்துடன் கூடிய படிப்பு விடுப்பு, முன் அனுபவத்துக்கு மதிப்பெண், கட்டணத்தை அரசே ஏற்றல் ஆகிய மூன்றும் ஆணையாக வந்தாலன்றி, தகுதி உயர்வு தலித் பெண்களை வெளியேற்றும் கருவியாகவே முடியும்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்போர் உண்டு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் அங்கன்வாடி மையங்களை முன்னுரிமையோடு திறக்க ஆணையிட்டது, அவை அதுவரை விடுபட்டிருந்ததால்தான். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். சோற்றுக்கே இப்படி என்றால், குழந்தையை மடியில் இருத்தி எழுதச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. வேலை செய்யவிடாமல் தடுப்பது, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். மழலையர் பள்ளிப் பணியாளர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

வேளச்சேரிக்கு அருகிலேயே மறந்துபோன ஒரு வரலாறும் இருக்கிறது. மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியதைப் பலர் அறிவர். அதற்கு 45 ஆண்டுகள் முன்பே, 1894இல், கர்னல் ஆல்காட் அதே அடையாறு வட்டாரத்தில் ‘பஞ்சமர்’ குழந்தைகளுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அப்பள்ளிகளின் கற்பித்தல் முறைகளைத் தொகுத்து, அவற்றைக் கண்காணித்த கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் நூலே வெளியிட்டார். குழந்தைக்கேற்ற கற்பித்தலைப் பற்றிய சென்னையின் தொடக்ககால நூல்களுள் ஒன்று சேரிப் பிள்ளைகளின் வகுப்பறையிலிருந்து வந்தது. இன்று அந்தப் பிள்ளைகளின் வழிவந்தோருக்கு அக்கலை கட்டணத்துக்கு விற்கப்படுகிறது.

சேர விரும்புவோர் நினைவில் கொள்ள வேண்டிய உதவிகள் சில. மத்திய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, 2022 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ள புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; பட்டயப் படிப்புக்கும் அது பொருந்தும். அரசு நிறுவன இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அங்கீகாரம் இல்லாத சான்றிதழ்ப் படிப்புக்கு இவற்றில் எதுவும் கிட்டாது. ஆகவே சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் சேர்க்கைக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. உதவித்தொகையைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுத்தாலோ, அசல் சான்றிதழைப் பிடித்துவைத்தாலோ, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு எழுத்து வடிவில் புகார் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும்.