யாருடைய வக்கீல்? கொல்லிமலை மணமுறிவுகளும் நலன் முரண் விதியின் வரலாறும்

கொல்லிமலையில் ஒரு குடும்பம் உடைந்தால் அந்த வழக்கு முதலில் போவது ஊர்ப் பெரியவர்களிடம். நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ உள்ள நீதிமன்றத்துக்கு அது எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போவது அதற்குப் பிறகுதான். பஞ்சாயத்துத் திண்ணையிலிருந்து வக்கீல் அலுவலகத்துக்கு மணமுறிவு இடம் மாறிய வரலாற்றில் ஒரு கேள்வி மட்டும் போதிய கவனம் பெறவில்லை. எனக்காகப் பேசுபவர் உண்மையில் எனக்காக மட்டும்தான் பேசுகிறாரா என்பதே அது. சட்டத் துறையில் இதை நலன் முரண் என்கிறோம். ஒரு வக்கீலின் கடமை ஒரு கட்சிக்காரரிடமும், அவருடைய உறவோ பணமோ பழைய வாக்கோ இன்னொருவரிடமும் இருந்தால் அங்கே நலன் முரண் இருக்கிறது.

எல்லா வகை வழக்குகளிலும் இந்த முரண் வரலாம். மணமுறிவில் அது கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. வழக்குக்கு முன்பு இரு தரப்பும் ஒரே வீடு. ஒரே வக்கீலிடம் நிலப் பத்திரம் எழுதியவர்கள். ஒரே உறவு வட்டத்தில் விருந்துண்டவர்கள். கணவனின் வரவு செலவும் மனைவியின் நகைக் கணக்கும் தெரிந்த ஒருவர் திடீரென்று ஒருவர் பக்கம் மட்டும் நிற்க வேண்டும்.

மலையின் பழைய முறை

கொல்லிமலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என மலை பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. இன்றைய ஊராட்சிகளும் அந்தப் பெயர்களையே தாங்கியுள்ளன. 1883-இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும் இம்மக்களைப் பற்றிப் பேசுகின்றன. காலனிய அதிகாரிகளின் பார்வையில் எழுதப்பட்டவை ஆதலால் அவற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆயினும் ஒரு செய்தி அவற்றிலிருந்து தெளிவாகக் கிடைக்கிறது. மணமும் மணமுறிவும் மறுமணமும் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் போன்ற தலைமைகளும் பெரியவர்களும் கூடித் தீர்த்த விவகாரங்கள்.

இந்தக் கூட்டத்தில் வக்கீல் என்று தனியாக எவரும் இல்லை. பெண் வீட்டுப் பக்கம் தாய்மாமனோ அண்ணனோ பேசுவார். ஆண் பக்கம் பெரியப்பனோ பங்காளியோ பேசுவார். தீர்ப்புச் சொல்பவரும் ஏதோ ஒரு முறையில் இரு வீட்டுக்கும் உறவு. இன்றைய அளவுகோலில் பார்த்தால் அங்கிருந்த அனைவருக்குமே நலன் முரண் உண்டு. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு, யாரிடம் யார் கடன் வாங்கியிருக்கிறார், பெண் வீட்டாருக்குக் கொடுத்த பரிசப் பணத்தில் யார் கை வைத்தார் என்பதெல்லாம் கூடியிருந்த எல்லாருக்கும் தெரியும். உறவு இருந்தது, ஒளிவு இல்லை. ஒருவர் சாய்ந்து பேசினால் அந்தச் சாய்வின் காரணத்தைச் சபை அறிந்திருந்தது.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. அந்தச் சபையில் பெண்ணின் குரல் பெரும்பாலும் அவளுடைய ஆண் உறவினரின் வாய் வழியாகவே வந்தது. அண்ணனுக்குப் பரிசத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லையென்றால் தங்கை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவன் பேசுவான். அவளுக்காகப் பேச வந்தவனின் நலனே அவளுக்கு எதிராக நின்ற இடம் அது. எல்லாருக்கும் தெரிந்த முரண் என்பதால் அது நியாயமாகிவிடாது.

தரகரும் விதியும்

1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. 1793-இல் கார்ன்வாலிஸ் காலத்து வங்காள ஒழுங்குமுறை, வக்கீல்களைச் சான்று பெற்ற தொழிலினராக ஆக்கியது. சென்னை மாகாணம் 1802-இலும் 1816-இலும் தன் ஒழுங்குமுறைகள் வழியாக அதே திசையில் போனது. தாய்மாமன் பேசிய இடத்தில் இப்போது கூலி பெற்றுப் பேசும் ஒரு அந்நியர் வந்தார்.

அந்நியரோடு கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் அதன் 126-ஆம் பிரிவில், கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவாக அந்தக் கடமை தொடர்கிறது. 1879-இன் வழக்குரைஞர் சட்டம் இன்னொரு பக்கத்தைத் தொட்டது. கட்சிக்காரரிடமோ அவர் அனுமதித்த முகவர், உறவினர், நண்பரிடமோ அன்றி வேறு யாரிடமிருந்தும் வழக்கு விவரம் வாங்குவது தொழில் ஒழுக்கக்கேடு என்றது. பின்னர் வழக்குத் தரகர்களின் பட்டியலை நீதிமன்றம் வெளியிடும் அதிகாரமும் அதில் சேர்ந்தது. கொல்லிமலை வரலாற்றில் இந்தத் தரகர் பிரிவைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வக்கீலை நேரடியாக அறியாத மலைக் குடிக்கு அவரைக் காட்டுபவர் அடிவாரத்து மனிதர். அவர் மிளகும் காப்பியும் வாங்குபவராக இருக்கலாம். வட்டிக்குக் கொடுப்பவராகவும் இருக்கலாம். மனைவியை அவர் கூட்டிப் போகும் வக்கீல், கணவனின் கடன் பத்திரத்தை எழுதியவராக இருந்தால் அவளுக்கு அது எப்படித் தெரியும்?

1879-இன் சட்டம் 2023-இன் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதன் தரகர் பட்டியல் விதி மட்டும் 1961-இன் வழக்குரைஞர் சட்டத்தின் 45-ஏ பிரிவாக உயிர் தக்கவைத்துக்கொண்டது. 144 ஆண்டுகளுக்குப் பிறகும் நாடாளுமன்றம் அந்த ஒரு விதியைக் கைவிடவில்லை என்பதிலிருந்தே நோய் இன்னும் இருக்கிறது என்று அறியலாம்.

1926-இல் பார் கவுன்சில்கள் பற்றிய சட்டமும், 1961-இல் இன்றைய வழக்குரைஞர் சட்டமும் வந்தன. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் இரண்டு இங்கே நேரடியாகப் பொருந்தும். எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பையும், விவகாரத்தில் தனக்குள்ள அக்கறையையும் வழக்கை ஏற்கும்போதே கட்சிக்காரரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 14-ஆம் விதி. ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு அறிவுரை சொல்லியிருந்தாலே, மனு எழுதிக் கொடுத்திருந்தாலே, அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு வாதாடக் கூடாது என்கிறது 33-ஆம் விதி. மலைப் பஞ்சாயத்தில் எல்லாரும் இயல்பாகவே அறிந்திருந்த உறவை, அறியாதவர் முன் வாய் திறந்து சொல்லும் கடமையாக 14-ஆம் விதி மாற்றியிருக்கிறது என்றே அதை நான் படிக்கிறேன்.

நீதிமன்றங்கள் இந்த விதிகளை வெறும் நல்லுரையாக விடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன வக்கீல் ரங்கதுரை வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள உறவை நம்பிக்கைப் பொறுப்பாகவே பார்த்தது. ஏமாற்றப்பட்டவர்கள் ஒரு முதிய தம்பதி. வக்கீலின் தண்டனையில் ஒரு பகுதி இலவசச் சட்ட உதவிப் பணியாக மாற்றப்பட்டது. நீதிபதி கிருஷ்ணய்யரின் முத்திரை அதில் தெரியும். 1983-இல் ராஜஸ்தானைச் சேர்ந்த சந்திரசேகர் சோனி வழக்கில், ஒரு தரப்பின் வக்கீலாக இருந்தவர் மறுதரப்பின் வழக்கை ஏற்றது ஒழுக்கக்கேடு என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1998-இல் புரூணை இளவரசர் ஜெஃப்ரி வழக்கில், பழைய கட்சிக்காரரின் இரகசியம் எதிரியிடம் போகும் ஆபத்து உண்மையானதாக இருந்தாலே தடுக்கலாம் என்றது.

33-ஆம் விதிக்கு ஒரு கூர்மையான மறுபக்கமும் உண்டு. சிறிய ஊர் நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளை நன்றாக நடத்துபவர்கள் சிலர்தான். பணமுள்ள கணவன் அவர்களுள் ஒவ்வொருவரிடமும் போய் அரை மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டால் மனைவிக்கு அவர்களில் எவரும் மிஞ்சமாட்டார்கள். அறிவுரை சொன்னதே போதும் என்னும் விதி, முதலில் மலையிறங்கியவருக்கு ஆயுதமாகிவிடுகிறது.

எந்தச் சட்டம் என்பதே முரண்

கொல்லிமலை போன்ற பழங்குடிப் பகுதிகளுக்கு உரிய சிக்கலுக்கு இப்போது வருகிறேன். இந்து திருமணச் சட்டம், 1955, அதன் 2(2) பிரிவில், மத்திய அரசு அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குத் தான் பொருந்தாது என்கிறது. மலையாளிகள் சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியினர். கொல்லிமலை அடங்கிய நாமக்கல் மாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது; அதனால் கொல்லிமலை மலையாளிகளும் அந்தப் பட்டியலில் அடங்குவர். ஆகவே 1976-இல் அந்தச் சட்டத்தில் சேர்ந்த பரஸ்பர சம்மத மணமுறிவான 13-பி பிரிவும் இவர்களுக்கு நேரடியாகக் கிடைக்காது. வழக்காறுதான் சட்டம். வழக்காறு நிரூபிக்கப்பட்டால் எழுதப்பட்ட நூல் விதியையும் அது விஞ்சும் என்று பிரிவி கவுன்சில் 1868-இலேயே, ராமநாதபுரம் சேதுபதி வழக்கில், சொல்லியிருக்கிறது. நிரூபிக்கப்பட்டால் என்ற சொல்லில்தான் சுமை முழுதும் இருக்கிறது.

2001-இல் சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கில், கணவனின் இரண்டாம் மணத்தைக் குற்றமாக்கக் கோரிய பழங்குடிப் பெண் தோற்றார். இரண்டாம் மணத்தைச் செல்லாததாக்கும் வழக்காறு எது என்று அவருடைய தரப்பு எடுத்துச் சொல்லி நிரூபிக்கவில்லை என்பதே காரணம். வழக்காற்று மணமுறிவைச் சொல்பவர் அதைத் தெளிவாக வாதிட்டு நிரூபிக்க வேண்டும் என்று 2002-இல் யமனாஜி ஜாதவ் வழக்கும், 2005-இல் தமிழ்நாட்டின் சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கும் கூறின. மாறாக 2021-இல் தில்லி உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி மணந்த மீனா பழங்குடித் தம்பதிக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தும் என்றது. அங்கே அந்தச் சட்டத்தை வேண்டியவர் கணவர். வேண்டாம் என்றவர் மனைவி.

இந்தத் தீர்ப்புகளை ஒரு கொல்லிமலைத் தம்பதியோடு பொருத்திப் பாருங்கள். மலைமேல் கோயில் கொண்ட அறப்பளீஸ்வரரைக் கும்பிடுபவர்கள், தாலி கட்டி மணந்தவர்கள். இந்து திருமணச் சட்டம் பொருந்தும் என்று நிறுவினால் கணவனின் இரண்டாம் மணம் குற்றமாகும். மனைவிக்கு அது வலிமை. வழக்காறே பொருந்தும் என்றால், ஊரில் பேசித் தீர்த்தாயிற்று என்று சொல்லிக் கணவன் விலகலாம். இன்னொரு குடும்பத்தில் இதே வாதம் தலைகீழாகும். விரைவாக விடுபட்டு மறுமணம் செய்ய விரும்பும் பெண்ணுக்கு வழக்காறே நல்லது. எந்தச் சட்டம் என்ற கேள்வியிலேயே இருவர் நலனும் எதிரெதிராக நிற்கும்போது, இருவருக்கும் ஒரே வக்கீல் எப்படிப் பொருந்துவார்?

இருவரும் பேசி முடித்துவிட்டோம், ஒரு வக்கீல் போதும், முத்திரைத்தாளில் எழுதிவிடலாம் என்று சொல்வது செலவைக் குறைக்கும் நல்ல யோசனையாகத் தோன்றும். சமவெளியில் 13-பி கூட்டு மனுவுக்கே அது ஆபத்தானது. அங்கே நீதிமன்றமாவது ஒருமுறை இருவரையும் நேரில் பார்த்துக் கேட்கும். மலையில் எழுதப்படும் தீர்வுப் பத்திரத்தை எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. பிற்காலத்தில் சொத்துரிமை கேட்கும்போதுதான், அந்த வழக்காறு நிரூபிக்கப்படவில்லை, பத்திரம் செல்லாது என்று தெரியவரும். அதை எழுதிய வக்கீலே அப்போது ஒரு தரப்பின் சாட்சியாக வேண்டிய நிலையும் வரலாம். ஒரே வக்கீல் இருவருக்கும் பத்திரம் எழுதும் பழக்கம் தவறு என்பது என் உறுதியான முடிவு.

சாட்சியிலும் முரண் உண்டு. வழக்காற்றை நிரூபிக்கப் பட்டக்காரரையோ ஊர்ப் பெரியவரையோ கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் கணவனின் பங்காளியாக இருந்தால், மனைவியின் வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணையில் உலுக்கியாக வேண்டும். அந்தப் பெரியவரின் நில வழக்கையும் அதே வக்கீல் நடத்திக் கொண்டிருந்தால் உலுக்குவாரா?

இலவசச் சட்ட உதவியும் இந்த இடத்தில் புதுக் கோலம் கொள்கிறது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி உதவி தருகிறது. சமவெளியில் பெரும்பாலும் மனைவி மட்டுமே அந்தத் தகுதியோடு வருவாள். கொல்லிமலையில் கணவனும் பழங்குடி. அவனுக்கும் அதே தகுதி உண்டு. ஒரே அலுவலகம், ஒரே பட்டியல், இருவருக்கும் வக்கீல். வேறு வேறு ஆள் தருவதோடு கடமை முடியவில்லை. முதலில் வந்தவர் சொன்ன குடும்ப விவரம் இரண்டாமவரின் வக்கீலுக்குப் போகாதபடி கோப்புகளையும் பிரித்து வைக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் பணம் கேட்கக் கூடாது என்பதும் விதி. கேட்டால் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் 13-ஆம் பிரிவில், வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. வக்கீல்கள் குடும்பச் சண்டையை வளர்க்கிறார்கள் என்ற அச்சமே அதன் பின்னணி. எந்தச் சட்டம் பொருந்தும் என்றே வாதாட வேண்டிய பழங்குடிப் பெண்ணை அங்கே தனியாக நிறுத்துவது நியாயமாகாது. நீதிமன்றம் தனக்கு உதவ வக்கீலை நியமிக்கும் அதிகாரம் அதே பிரிவில் இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கும் நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் இந்த ஆய்விலிருந்து எழும் வேண்டுகோள் ஒன்று. குடும்ப வழக்குகளின் வக்காலத்து நாமாவோடு 14-ஆம் விதிப்படியான அறிவிப்பை எழுத்திலேயே வாங்குங்கள்: எதிர்த்தரப்புக்கு முன்பு வழக்கு நடத்தியதுண்டா, பத்திரம் எழுதியதுண்டா, உறவுண்டா, இவரை இங்கே அழைத்து வந்தவருக்கும் தங்களுக்கும் பணத் தொடர்புண்டா என்று. அது தமிழில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டப்படட்டும். கொல்லிமலைச் செம்மேட்டில் நடக்கும் சட்ட விழிப்புணர்வு முகாம்களில் இந்த நான்கு கேள்விகளையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.