வருங்கால ஜனத்தொகையைக் கணித்த வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருவழியில், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது ஹெப்பகோடி. இன்னும் பத்தாண்டு கழித்து இங்கே எத்தனை பேர் குடியிருப்பர்? குடிநீர்க் குழாயின் அளவும் பள்ளிக்கூட அறைகளின் எண்ணிக்கையும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தவை.

சென்ற காலத்து வளர்ச்சி அப்படியே தொடரும் என்று கொள்வது பழைய முறை. 1941இல் ஏறக்குறைய 4 லட்சமாயிருந்த பெங்களூர் நகர ஜனத்தொகை 1951இல் 7.8 லட்சமாயிற்று. அதே விகிதத்தை நீட்டினால் 1961இல் 15 லட்சம் வரவேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருந்ததோ 12 லட்சமே.

1895இல் எட்வின் கானன் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர் வேறொரு வழி கண்டார். மக்களை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் காலத்தோடு மூப்படையச் செய்து, இறப்போரைக் கழித்துப் பிறப்போரைக் கூட்டுவது அது. அதற்குச் சரியான வயதுக்கணக்கு வேண்டும். நம் நாட்டிலோ வயதைக் கேட்டால், "நாற்பது இருக்கும்" என்பதே பலரது விடை! பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலும் விடுபட்டவை மிகுதி. ஆகவேதான் 1951-52இல் ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசாங்கமும் கூடி, அன்றைய மைசூர் ராஜ்யத்தில் வீடுவீடாக விசாரித்து ஓர் ஆராய்ச்சி நடத்தின.

1961இல் பாரதத்தின் ஜனத்தொகை 40.8 கோடியாகும் என்று இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கொண்டது. கணக்கெடுப்பில் கிடைத்தது 43.9 கோடி. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றேகால் வளர்ச்சி என்ற அனுமானமே பிழை. 1953இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு முயற்சி போன்றவற்றால் இறப்பு எதிர்பார்த்ததினும் விரைவாகக் குறைந்துவிட்டது. மூன்று கோடிப் பேருக்குரிய உணவும் உறைவிடமும் திட்டத்தில் இடம்பெறவில்லை.

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாம் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'ப்ரொஜெக்ஷன்' என்பதை 'ஆரூடம்' என்று பெயர்த்தல் தகாது. 'இன்னின்னவாறு நிகழ்ந்தால் இவ்வளவு' என்பதே அதன் பொருள்.

ஹெப்பகோடி போன்ற ஊரிலோ பிறப்பும் இறப்பும் சிறு பங்கே. பிழைப்பு நாடி வந்து குடியேறுவோரே பெரும் பங்கு. அருகே 1978இல் எலெக்ட்ரானிக் சிட்டி தோன்றும் என்பதை எந்த வயது அட்டவணை சொல்லியிருக்கும்? 2011க்குப் பின், 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கும் ஒத்திப்போடப்பட்டது. 2020இல் வெளியான நிபுணர் குழுவின் அறிக்கை 2036 வரை நாட்டுக்கும் மாநிலங்களுக்கும் எண்கள் தருகிறது. தனித்தனி ஊர்களுக்குத் தரவில்லை. ஹெப்பகோடிக்கு வேண்டிய நீரை மதிப்பிடுவோர் வாடகை வீடுகளையும் மின் இணைப்புகளையும் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.