ஆவி போகும் திசை

1960 மே மாதம் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை எரியவிட்டார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் ஆய்வகங்களில் கைக்குக் கிடைத்த உலோகத்தையெல்லாம் அதால் சுட்டுப் பார்த்தார்கள். சுட்ட இடத்தில் குழி விழுந்தது. அதற்கு மேலே ஒரு சுடர் எழுந்து, கண் சிமிட்டுவதற்குள் மறைந்தது. அந்தச் சுடர்தான் பிளாஸ்மா: அணுக்களும் அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த கொதிக்கும் ஆவி. 1965இல் ஸ்மித், டர்னர் என்ற இருவர் அந்த ஆவியைப் பிடித்து மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் அது ஓரமாகவே கிடந்தது.

அந்த ஆவி எந்தப் பக்கம் போகிறது? கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. 1760இல் லாம்பர்ட் ஒளிக்குச் சொன்ன கொசைன் விதியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சென் வாயு மூலக்கூறுகளுக்கும் காட்டினார். வெற்றிடத்தில் சூடான பரப்பிலிருந்து நிதானமாக ஆவியாகும் அணுக்களில் நேர் எதிரே போகிறவை 100 என்றால், 60 பாகை சாய்ந்து போகிறவை 50. அகலமான, சோம்பலான பரவல். லேசர் ஆவியும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு.

1987இல் கதை மாறியது. இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றும் 1:2:3 விகிதத்தில் சேர்ந்த ஆக்ஸைடு, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கும் மேலேயே மீக்கடத்தி ஆகிறது என்று தெரிந்ததும் உலகம் முழுக்க ஓட்டப்பந்தயம். அதைப் படலமாக்குவதுதான் சிக்கல். மூன்று உலோகங்களும் மூன்று விதமாக ஆவியாகும், விகிதம் கொஞ்சம் பிசகினாலும் படலம் வீண். நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசனின் குழு, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, லேசரால் சுட்டே அந்த விகிதத்தைப் படலத்துக்குக் கொண்டுவந்தது. (பெயரைப் பார்த்ததும் தமிழரா என்று கூகுளில் தேடத் தோன்றும். அந்த விளையாட்டை இங்கே விட்டுவிடலாம்.)

எல்லோரும் கொண்டாடுவது இந்த 1987 கட்டுரையைத்தான். என்னைக் கேட்டால், 1988இல் வெங்கடேசனும் வூ, இனாம், வாக்ட்மேன் ஆகியோரும் எழுதியதுதான் பெரிது. அவர்கள் படலத்தின் தடிமனையும் கலவையையும் கோணம் கோணமாக அளந்தார்கள். வந்தது ஒரு பரவல் இல்லை, இரண்டு. ஒன்று பழைய கொசைன் ஆவி. அதில் விகிதம் கெட்டிருந்தது. இன்னொன்று நேர் முன்னே குறுகலாகப் பாய்வது. அதில் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. லேசரின் ஆற்றல் அடர்த்தியைக் கூட்டக் கூட்ட இரண்டாவதன் பங்கு ஏறியது. என் வேலையில் லாக் கோப்புகளை வரைபடமாகப் போடும்போது இதே மாதிரி நடக்கும். ஒரே குவியல் போலத் தெரிவதற்குள் இரண்டு கூட்டங்கள் ஒளிந்திருக்கும், சராசரி மட்டும் பார்த்தால் சிக்காது. யாராவது தகட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்திருந்தால், 'இந்த முறை உதவாது' என்று எழுதி மூடியிருப்பார்கள்.

ஏன் முன்னே பாய்கிறது? சில நானோநொடிகளில் அத்தனை அணுக்கள் கிளம்பும்போது, பரப்பை ஒட்டியே ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொள்கின்றன. ரோஜர் கெல்லியும் டிரைஃபஸும் இதை 1988இல் விளக்கினார்கள். 1990இல் ராஜீவ் சிங்கும் ஜகதீஷ் நாராயணும் அழுத்தச் சரிவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பிளாஸ்மா பிறக்கும்போது அகலத்தில் மில்லிமீட்டர் கணக்கு, உயரத்தில் அதைவிட மிகமிகக் குறைவு. ஒல்லியான பக்கத்தில் அழுத்தம் சட்டென்று விழும், எனவே அந்தப் பக்கம்தான் வேகம். ஏரிக்கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் தண்ணீர் விரைந்து இறங்குவது மாதிரி. இதில் ஒரு வேடிக்கை: லேசர்ப் பொட்டு கிடையாக நீண்டிருந்தால், எதிரே விழும் படலம் நெட்டுக்குத்தாக நீளும்! உலோகங்களை அளந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். நடுநிலை அணுக்களைவிட அயனிகளின் பாய்ச்சல் குறுகல், மின்சுமை கூடினால் இன்னும் குறுகல்.

எங்கள் ஊர் தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இதையெல்லாம் தறிக்காரரான பெரியப்பாவிடம் ஒருநாள் சொன்னபோது அவர் கேட்டது: "அப்போ ஜரிகைக்கும் தங்கத்த இப்படியே ஏத்தலாமே, ஏன்பா செய்யல?"

நியாயமான கேள்வி. பதில் அந்தக் கோணத்திலேயே இருக்கிறது. கொசைனின் பத்தாம் அடுக்கு என்று வைத்துக்கொண்டால், 30 பாகையிலேயே வரத்து கால் பங்குக்கும் கீழே போய்விடும். 60 பாகையில் ஆயிரத்தில் ஒன்று. விகிதத்தைக் காப்பாற்றிய அதே குறுகல், சீரான படலத்தைச் சில சென்டிமீட்டருக்குள் அடக்கிவிடுகிறது. ஜரிகையோ உருண்டை. பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கக் கரைசலில் மின்முலாம் பூசினால் எல்லாப் பக்கமும் ஏறும். லேசர் ஆவி ஒரு பக்கம் மட்டும்தான் அடிக்கும், மறுபக்கம் வெள்ளியாகவே இருக்கும்.

"அப்ப தட்டையா இருந்தா?" என்றார்.

தட்டையாக இருந்தால் முடியும். மீக்கடத்தி நாடா செய்யும் சில ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. சில மில்லிமீட்டர் அகல உலோக நாடா ஒரு உருளையிலிருந்து அவிழ்ந்து, சுடருக்கு எதிரே மெல்ல நகர்ந்து, மறு உருளையில் சுற்றிக்கொள்ளும். சுடரை அகலமாக்க முடியாததால் நாடாவை நகர்த்துகிறார்கள். பெரியப்பா கொஞ்சம் யோசித்து, "நெய்யற வரைக்கும் பாவு உருளையிலதான இருக்கு" என்றார்.