பித்தளை நுண்ணோக்கி

பித்தளைக் குழாயில் லென்சுகளைப் பொருத்திச் செய்த ஒளி நுண்ணோக்கி. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மருத்துவர்களும் தாவரவியலாளர்களும் இதையே நம்பி வேலை செய்தார்கள். பின்னர் கறுப்பு எனாமல் பூசிய உடல் பரவியது.

அதற்கு முந்தைய கருவிகளில் மரம், அட்டை, தோல் எல்லாம் கலந்திருந்தன. 1740களில் லண்டனில் ஜான் கஃப் பித்தளையில் ஒன்றைச் செய்து, குவியத்தைச் சிறிது சிறிதாகச் சரிசெய்ய ஒரு நுண்திருகையும் வைத்தார். பித்தளை கடைசலுக்கு நன்றாக இசையும்; நுணுக்கமான மரையும் அதில் சுத்தமாக விழும். ஆனால் உடல் தேறியும் படம் தேறவில்லை. உருவத்தின் ஓரங்களில் வண்ணம் படர்ந்தது. 1830இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், நிறப்பிழை நீக்கிய லென்சுகளை எப்படி அடுக்கினால் பிற பிழைகளும் குறையும் என்பதை வெளியிட்டார். மது வணிகரான அவர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது. நுண்ணோக்கி விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் அதோடு முடிந்தது என்றே சொல்ல வேண்டும்.

கருவியைவிட அதன் பெட்டி சுவையானது. பொருளருகு லென்சுகள் தனித்தனிப் பித்தளைச் சிமிழ்களில் இருக்கும். ஒளியைக் குவிக்கும் தடித்த குவிலென்சு, பூச்சியைப் பிடிக்கும் இடுக்கி, உயிருள்ள சிற்றுயிரை நசுக்காமல் அடைக்கும் கண்ணாடிச் சிமிழ், கண்ணில் தெரிவதைக் காகிதத்தில் வரைய உதவும் முப்பட்டகம் என ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த பள்ளம் உண்டு. எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே உடையவர் எதை ஆராய்ந்தார் என்று ஊகிக்கலாம்.

இந்தியாவில் இக்கருவி பட்ட பாடு பெரிது. சென்னை மாகாணப் படைகளில் மருத்துவராகப் பணியாற்றிய ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அப்போது வியர்வை பட்டு அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறியிருந்தன. மிஞ்சிய ஒரே கண்ணருகு லென்சிலும் விரிசல். அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று விசிறிக்கும் இடமில்லை. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மனும் அதைப் பற்றி எழுதியிருந்ததால், லீஷ்மேனியா டோனவனி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியவர் ராஸ்தான்.

பழைய கருவியின் பொன்னிறம் வெறும் பித்தளையின் நிறமன்று. மேலே பூசிய அரக்கு மெருகின் நிறம். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டு இதைத் துலக்கினால் மெருகு உரிந்துபோகும். சாராயம் பட்டால் கரையும். உலர்ந்த மென்துணியே போதும். லென்சில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடியையே அரித்துவிடும் என்பதால் காற்றுப்படாத ஈரப்பெட்டியில் வைத்தல் கூடாது.

1850களின் இறுதியில் லண்டன் நுண்ணோக்கியியல் சங்கம் பொருளருகு லென்சுக்கு 0.8 அங்குல மரையைப் பொது அளவாக்கியது. அதன்படி செய்த பழைய லென்சுகள் இன்றைய கல்லூரி நுண்ணோக்கிகள் பலவற்றிலும் பொருந்தும்.